உண்டோர் உரை

மாலை மயங்கி விளக்கு வைக்கும் வேளையிலே, பொத்துவிலிலிருந்து தெற்கே பாலத்தைக் கடந்து அறுகம் குடாவுக்குள் நுழைபவர், கண்ணாற் காண்பதன் முன்னரே மூக்கினால் ஒரு செய்தியை அறிந்துகொள்வர். உண்டிச்சாலைகளின் முன்றில்களிலே தணலடுப்பு மூட்டியாயிற்று என்பதே அச்செய்தி. பனிக்கட்டிமீது பாரையும் அறுக்குளாவும் சூரையும் கணவாயும் இறாலும் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். வருபவர் தமக்கு வேண்டிய மீனைச் சுட்டிக் காட்டுவார். கடைக்காரர் அதனை நிறுத்து விலை கூறுவார். உப்பும் மிளகாயும் உள்ளியும் தேசிப்புளியும் பூசிய மீன் தணலின்மேல் ஏறும். பெயர்ப்பலகையிலே இதற்குப் 'பார்பிக்கியூ' என்று எழுதியிருப்பார்கள். கரிபியன் தீவுகளின் பழங்குடிகள் மரக்குச்சிகளாற் கட்டிய பரணுக்கு வழங்கிய பெயர், ஸ்பானியர் வாய்ப்பட்டு, ஆங்கிலர் வாய்ப்பட்டு, இன்று எமது கடற்கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

யான் ஈண்டு எழுதப் புகுந்தது அவ்வுணவைப் பற்றியன்று. உண்டவர்கள் உண்டபின் உரைக்கும் உரையைப் பற்றியே எழுதப் புகுந்தேன். தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு மீன்கடைப் பேச்சில் என்ன வேலை என்று நகைப்பாரும் உளர். ஒரு நூலைக் கற்றுக் கருத்துரைப்பதற்கும் ஓர் உணவை உண்டு கருத்துரைப்பதற்கும் வேண்டப்படும் நேர்மை ஒன்றே என்பது எனது துணிபு. சிறியதில் அந்நேர்மையைப் பழகாதவன் பெரியதில் அதனைக் கைக்கொள்வான் என்று எதிர்பார்த்தல் வீண்.

ஒரு மாலை கேட்டவை

சென்ற பருவத்திலே ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நண்பர் ஐவருடன் அத்தகைய ஓர் உண்டிச்சாலைக்குச் சென்றிருந்தேன். பெரியதொரு பாரைமீனை அறுவரும் பகிர்ந்து உண்டோம். கடைக்காரர் வந்து, "எப்படி சேர்?" என்று வினவினார். அஞ்சலகத்திற் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர், "பறவாயில்லை" என்றார். எம்முடன் வந்த இளம் ஆசிரியர், "சூப்பர்" என்றார். யான் தலையை அசைத்தேன். அயல் மேசையிலே கல்முனையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர் அமர்ந்திருந்தனர். விலைச்சீட்டைக் கண்ட தந்தையார், "மீனுக்கு விலையோ, கடலுக்கு விலையோ?" என்று மனைவியின் காதிலே முணுமுணுத்தார். கடைக்காரர் அருகே வந்ததும், "நல்லம் தம்பி, எல்லாம் நல்லம்" என்று கூறிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

மற்றொரு மேசையிலே வெளிநாட்டார் இருவர் இருந்தனர். அவருள் ஒரு பெண்மணி கடைக்காரரை அழைத்து, மீனின் பெயரைக் கேட்டார். தோற்புறம் நன்றாக வெந்திருக்கிறது, நடுமுள்ளை ஒட்டிய தசை காய்ந்துவிட்டது, தேசிப்புளி இன்னும் சிறிது குறைந்திருக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார். பின்னர் கருத்தெழுதும் புத்தகத்தை வாங்கி, அரைப்பக்கம் எழுதிக் கையொப்பமிட்டார். கடைக்காரர் கைகட்டி நின்று அனைத்தையுங் கேட்டார்.

யாம் அறுவரும் வீடு திரும்புகையில், பாலத்தைக் கடந்த பின்னரே எமக்கு நாவு பிறந்தது. "நடுவிலே காய்ந்து போயிற்று" என்றார் ஒருவர். "புளி தூக்கலாக இருந்தது" என்றார் மற்றொருவர். அப்பெண்மணி கூறிய குற்றங்களையே யாமுங் கண்டிருந்தோம். அவர் அதனை உரியவரிடம் உரைத்தார். யாம் ஆற்றுநீரிடம் உரைத்தோம். அன்றிரவு தமிழ் பேசிய எவரிடமிருந்தும் அந்தக் கடைக்காரர் தமக்குப் பயன்படும் ஒரு சொல்லையேனும் பெறவில்லை.

ஆற்றுப்படை கற்பிக்கும் பாடம்

உண்டதை எடுத்துரைக்கும் கலை தமிழர்க்குப் புதியதாயின் இந்நிலைக்கு வருந்த வேண்டுவதில்லை. ஆயின், உண்டவன் உரையையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தவர் எம் முன்னோர். ஆற்றுப்படை என்பது யாது? கொடையாளி ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியிலே எதிர்ப்படும் வறிய கலைஞனுக்குத் தான் துய்த்ததைக் கூறி, அங்குச் செல்லுமாறு வழிகாட்டுதல் அன்றோ? தொல்காப்பியர் புறத்திணையியலில் இதற்கு இலக்கணம் வகுத்தார். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை அச்சேற்றிய நாள் தொட்டு அவற்றை யாம் பாடமாக ஓதி வருகிறோம். ஓதியும் அவை உண்டோர் உரை என்பதை மறந்துவிட்டோம்.

முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையை நோக்குக. கரிகாலனது அரண்மனையில் விருந்துண்ட பொருநன் தனது அனுபவத்தைச் சொல்கிறான். கிடாய் இறைச்சி என்று மாத்திரஞ் சொல்லி அமையாது, அக்கிடாய் அறுகம்புல்லைத் தின்று வளர்ந்தது என்பதையும் சொல்கிறான். கம்பியிலே கோத்துச் சுட்ட கொழுப்பு மிக்க தசைத்துண்டுகளின் சூடு பொறுக்காமல், வாயின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாற்றி மாற்றித் தின்றதைச் சொல்கிறான். ஒரு கட்டத்திலே அவ்வூண் தனக்குத் தெவிட்டிவிட்டதையும் மறையாது சொல்கிறான். இரவும் பகலும் ஊன் தின்றதனாலே தன் பற்கள் கொல்லையை உழுத கொழுவைப்போல மழுங்கிப்போயின என்றும் நகைப்புத் தோன்றக் கூறுகிறான். 'நன்று' என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளாத உரை இது. விலங்கு தின்ற தீனி, சமைத்த முறை, உண்டவன் பட்ட பாடு, உண்டபின் நேர்ந்த தெவிட்டல் ஆகிய யாவும் இதில் உள்ளன. எதிரே நிற்கும் பசித்தவன் இதனைக் கேட்டு, தானே அவ்வூணைத் தின்றதுபோல் உணர்வான்.

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை இன்னும் எமக்கு அண்மையது. கடற்கரையையும் அது காட்டுகிறது. எயிற்பட்டினத்துப் பரதவரிடம் உலர்ந்த குழல்மீனின் சூடு கிடைக்கும். வேலூரிலே எயினர் இல்லங்களிற் புளிச்சோறும் ஆமானின் சூடும் கிடைக்கும். ஆமூரிலே வெண்சோற்றுடன் நண்டுக்கறி கிடைக்கும் என்று ஊர் ஊராக எடுத்துரைக்கிறது அப்பாட்டு. நெருப்பிற் சுட்ட உணவுக்குச் 'சூடு' என்னும் பெயர் எமது மொழியிலே அன்றே இருந்தது. பெயர்ப்பலகையை மாற்றுமாறு யான் எவரையும் வற்புறுத்தவில்லை. சூடு இருந்தது, அதனை உண்டு உரைக்கும் சொல்லும் இருந்தது; சொல்லையேனும் மீட்போம் என்பதே எனது வேண்டுகோள்.

பிரான்சு தேசத்து மிச்செலின் என்னும் சக்கர உறைக் கம்பனியார் 1900ஆம் ஆண்டிலே மோட்டார் வண்டியோட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டனர். 1926இல் அந்நூலில் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கினர். மக்கள் வண்டியில் நெடுந்தூரஞ் சென்றால் உறைகள் தேயும். தேய்ந்தாற் புதியன விற்கும். அவ்வணிக நோக்கத்திற் பிறந்த வழிகாட்டியை உலகம் இன்று போற்றுகிறது. எமது வழிகாட்டியோ இன்னொருவன் பசி தீர வேண்டும் என்ற நோக்கத்திற் பிறந்தது. எமது பிள்ளைகள் நட்சத்திரத்தை அறிவர், பொருநனை அறியார்.

என் குற்றம்

பிறரைக் குறை கூறுமுன் எனது குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கடையிலே சுட்ட சூரைமீன் உண்டேன். தசை வறண்டு, நார் நாராகப் பிரிந்தது. மறுநாட் காலையிலே தேநீர்க்கடையில் ஒருவர் வினவ, "நேற்றைய மீனைச் சுட்டுத் தந்துவிட்டார்கள்" என்று சொன்னேன். சொன்னது ஒரு வாக்கியம். பேச்சு வேறு பொருளுக்குச் சென்றுவிட்டது, யானும் மறந்துவிட்டேன்.

மறவாதது ஊர். ஒரு கிழமைக்குள் 'நேற்றைய மீன்' 'மூன்று நாள் மீன்' ஆயிற்று. சொன்னவன் ஆசிரியன் ஆகையால் ஊரார் அதனை ஐயுறவுமில்லை. ஒருநாள் இரவு அக்கடைக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே அழைத்தும் அமர மறுத்தார். "சேர், அந்த மீன் அண்டு விடியற்காலையில கரைக்கு வந்த மீன். நீங்க நேரஞ்செண்டு வந்தீங்க. தணல் சரியில்ல, கூட நேரம் வெச்சிட்டன். அது என்ட பிழைதான். அத என்னட்டயே சொல்லியிருக்கலாமே சேர்" என்றார். குரலை உயர்த்தவில்லை. யான் மறுமொழி கூறவியலாது நின்றேன்.

சூரைமீனின் தசையிலே கொழுப்புக் குறைவு. தணலிற் சிறிது நேரம் மிகுந்தாலும் அது வறண்டுவிடும் என்பதைப் பின்னரே அறிந்தேன். பழைய மீன் வேறு, பதம் தவறிய மீன் வேறு. பழைய மீனைத் தருதல் வஞ்சனை. பதம் தவறுதல் கைப்பிழை. கைப்பிழையைக் கண்டு வஞ்சனை என்று தீர்ப்புச் செய்துவிட்டேன். நூலைக் கல்லாமல் நூலாசிரியனைப் பழிக்கும் திறனாய்வாளரைக் கண்டித்து யான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தத் தேநீர்க்கடையில் யான் செய்ததும் அதுவே.

மௌனம் அறமாகுமா?

சொல்லால் இத்தனை கேடு விளையுமாயின், சொல்லாதிருத்தலே நன்றன்றோ என்று கேட்கலாம். எமது ஊரிலே இதற்குச் சமயச் சான்றும் காட்டுவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிடின் விட்டுவிட்டார்கள் என்பது யாவரும் அறிந்த செய்தி. மிக உயர்ந்த பண்பு அது. அன்போடு ஒருவர் இட்ட உணவை இழித்துரையாதே என்பது அதன் கருத்து. ஆயின், அவர்களே ஒருமுறை சந்தையிலே தானியக் குவியல் ஒன்றினுட் கையை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்குமாறு அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று விற்றவரிடமே வினவினார்கள் என்பதும் யாவரும் அறிந்ததே. விருந்து வேறு, வாணிகம் வேறு. விருந்திலே குறை காணாமை பண்பு; வாணிகத்திலே உள்ளதை உரியவரிடம் உரைத்தல் கடமை.

வள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறையையும் எண்ணிப் பாருங்கள். விருந்தோம்பலுக்கு அடுத்து இனியவைகூறலை வைத்தார். புறங்கூறாமைக்கும் பயனில சொல்லாமைக்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்தார். அவர் வேண்டியது வாயடைப்பு அன்று. முகத்துக்கு முன்னே 'நல்லம்' என்பது பயனில சொல். பாலத்தைக் கடந்து பழிப்பது புறங்கூற்று. ஓர் இரவிலே இவ்விரண்டு குற்றங்களையும் யாம் செய்துவிட்டு, மரியாதை காத்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

எமது மௌனத்தினால் நேரும் இழப்பு சிறியதன்று. யாம் பேசாத இடத்திலே பிறர் பேசுகின்றனர். கருத்துப் புத்தகத்திலும், இக்காலத்துக் கைப்பேசி நட்சத்திரங்களிலும் அறுகம் குடாவின் உணவைப் பற்றி எழுதுவோருட் பெரும்பாலோர் கடலலையில் விளையாட வந்து சில நாள் தங்கிச் செல்வோர். அவர்கள் நேர்மையாகவே எழுதுகின்றனர், அதற்கு நன்றி. ஆயினும் அவர்கள் நாவுக்குப் பட்டதையே அவர்கள் எழுதுவர். காரம் மிகுதி என்று பத்துப்பேர் எழுதினால் மிளகாய் குறையும், மிளகு குறையும், சில பருவங்களில் எமது சூட்டுக்கும் உலகின் வேறெந்தக் கடற்கரைச் சூட்டுக்கும் வேறுபாடு இல்லாமற் போகும். பின்னர், "இப்பொழுது அங்கே சாப்பாடு எங்களுக்குச் சரிவராது" என்று யாமே சொல்லுவோம். சரிவரச் செய்யும்படி யாம் ஒருநாளும் கேட்கவில்லை என்பது எமக்கு நினைவில் வராது.

விலையைப் பற்றிய குறையும் அவ்வாறே. உள்ளூர் குடும்பம் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து உண்ணக்கூடிய விலையில் ஒரு சிறு தட்டு இருக்கலாகாதா என்று கேட்பதிலே இழிவு யாது? விலைச்சீட்டை மடித்துக்கொண்டு முணுமுணுத்தால், வராதவர்களின் எண்ணிக்கை மாத்திரம் கூடும்; வராததன் காரணம் கடைக்காரருக்குத் தெரியாது.

சொல்லின் எடை

இக்கடைகளின் வாழ்வு எத்துணை மெல்லிய நூலிலே தொங்குகிறது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அலை விளையாட்டுப் பருவம் ஏறத்தாழ ஏப்ரில் தொடக்கம் ஒக்டோபர் வரை. அந்த வருவாயே மாரிக்கும் சோறு. 2004 டிசெம்பர் 26இல் கடல் இக்கரையை வாரிக்கொண்டு போயிற்று, எழுந்து நின்றார்கள். 2019 ஏப்ரில் 21இன் குண்டுவெடிப்புக்களின் பின் வருவோர் குன்றினர். 2020இலே நோய் வந்து நாட்டின் வாயில்களை அடைத்தது. 2022இலே எரிவாயுவுக்கு வரிசையில் நிற்கும் காலம் வந்தது. 2024 ஒக்டோபர் 23ஆம் நாள், அமெரிக்கத் தூதரகம் அறுகம் குடாவைத் தவிர்க்குமாறு தன் குடிமக்களை எச்சரித்தது. இசுரவேல் அரசும் தன் மக்களை வெளியேறுமாறு கூறியது. அவ்வெச்சரிக்கையின் அரசியலை ஆராய்வது எனது நோக்கமன்று. தம் மக்களைக் காத்தல் அவ்வரசுகளின் கடன். ஆயினும் தொலைவிலே சொல்லப்பட்ட சில வாக்கியங்கள் இங்கே எத்தனை மேசைகளை வெறுமையாக்கின என்பதை அந்நாட்களிற் கண்டவர்கள் நாம். தேநீர்க்கடையிலே யான் சொன்ன ஒரு வாக்கியமும் தன் அளவிலே அவ்வேலையையே செய்தது. வல்லரசின் சொல்லைத் தடுக்க எம்மால் ஆகாது. எமது சொல்லையேனும் நிறுத்துச் சொல்லலாம். அவர்கள் மீனை நிறுத்துத்தானே தருகிறார்கள்?

எங்ஙனம் நிறுப்பது? குணத்தையும் குற்றத்தையும் தனித்தனி ஆராய்ந்து, மிகுந்தது எதுவோ அதனைக்கொண்டு முடிவு செய்க என்று வள்ளுவர் தெரிந்துதெளிதலிலே காட்டிய நெறி இதற்கும் போதுமானது. உண்டவர் முதலிலே அடுப்பருகில் நிற்பவரிடம் சொல்லல் வேண்டும். தீர்ப்பை மாத்திரஞ் சொல்லாது கண்டதைச் சொல்லல் வேண்டும்: மீனின் எப்பகுதி காய்ந்தது, புளி மிகுந்ததா, தணலிலே சுவாலை எழுந்து தோல் கருகிக் கைத்ததா என்று. அறியாததை வினவல் வேண்டும்: இந்த மீன் என்ன மீன், எப்பொழுது கரைக்கு வந்தது என்று. வினவியிருப்பேனாயின் அந்தச் சூரைமீனால் எனக்கு அவமானம் நேர்ந்திராது. நல்லது கண்டால் அதனையும் அதே நுட்பத்தோடு சொல்லல் வேண்டும். காரணம் இல்லாத புகழ்ச்சியாலும் சமையற்காரர் எதனையுங் கற்பதில்லை. உண்மையிலேயே கெட்ட மீனைத் தெரிந்து தருபவர் எவரேனும் உளராயின், அவரிடம் முதலிற் சொல்லி, கேளாவிடின் உரிய சுகாதார அதிகாரியிடம் சொல்லுக. அது புறங்கூற்று ஆகாது.

அவமானத்தின் பின்னர் யான் வகுப்பறையிலே ஒரு பயிற்சியைத் தொடங்கினேன். வீட்டிலேனும் கடையிலேனும் உண்ட ஓர் உணவைப் பற்றிப் பத்து வரி எழுதிவர வேண்டும்; 'நல்லது', 'சூப்பர்', 'பறவாயில்லை', 'மோசம்' என்னும் சொற்கள் வரலாகாது. முதல்நாள் வகுப்பில் பாதிப்பேர் வெறுந்தாளுடன் வந்தனர். "அதுக்கு மேல என்ன சேர் எழுதுற?" என்றனர். சில கிழமைகளின் பின்னர் ஒரு மாணவி, தன் உம்மா சுட்ட கணவாயைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். முதற் கடி இறப்பர்போல் இழுத்தது, நெருப்பை விட்டு முன்னரே எடுத்த துண்டு மட்டும் மெத்தென்றிருந்தது, அடுத்தமுறை எல்லாத் துண்டையும் முன்னரே எடுக்கச் சொன்னேன், உம்மா சிரித்துக்கொண்டு சரி என்றா என்று எழுதியிருந்தாள். பொருநராற்றுப்படையை அவ்வகுப்பிலே நடத்தத் தொடங்கியது அதன் பின்னரே. சூடு பொறுக்காது வாயிலே மாற்றி மாற்றித் தின்ற பொருநனைக் கண்டு பிள்ளைகள் சிரித்தனர். ஈராயிரம் ஆண்டுத் தொலைவு அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆசிரியப் பெருமக்கள் இப்பயிற்சியைத் தத்தம் வகுப்புக்களிலே செய்து பார்ப்பார்களாக. இலக்கிய மன்றத்தார், தாம் கூடி உண்ணும் நாளிலே கருத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தமிழிலே நாலு வரி எழுதிக் கையொப்பமிடுவார்களாக. யான் அண்மையில் எழுதினேன். அதே கடைதான், சூரைமீன்தான். தணல் வெண்ணீறு பூத்த பின்னர் மீனை ஏற்றியிருந்தார். நடுவிலே ஈரம் இருந்தது. உப்புச் சிறிது குறைவு. அவ்வாறே எழுதினேன். கடைக்காரர் புத்தகத்தை விளக்கின் அருகே கொண்டுசென்று இருமுறை படித்தார். "உப்புக் குறைவா சேர்? கொஞ்சம் இருங்க" என்று கூறி உள்ளே போனார்.